கர்ட்டன்காரரின் ஏழு சீட்டு வண்டி

வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்து, துணியில் சுருக்கம் பார்ப்பதுபோல மெல்ல நீவிக்கொண்டே போவார். பின்பக்கம் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சம் எப்படி விழுந்தால் கீறல் தெரியுமோ அப்படிப் பார்ப்பார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு உள்ளே உட்காருவார். உட்கார்ந்த பிறகும் கிளம்ப மனசு வராது. மறுபடி இறங்கி, இடுப்பிலிருந்து டேப்பை உருவி, வண்டிக்கும் எங்கள் கட்டடத்துத் தூணுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளப்பார். நேற்று அளந்த அதே தூண்தான்.

டேப் அவருடைய தொழில். ஒரு துணிக்கடையில் மாதச் சம்பளம். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய் ஜன்னலை அளந்து, திரைச்சீலை தைக்கக் கொடுத்து, சுவரில் கம்பி அடித்து மாட்டித் தருவார். எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் கர்ட்டன்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. கால் ஓரிடத்தில் நிற்காது. நம்மோடு பேசிக்கொண்டே நம் வீட்டு ஜன்னலை நோட்டம் விடுவார். "அக்கா, உங்க துணி தரையத் தொடுது பாருங்க. ஆளு வச்சு அழுக்காக்குற மாதிரி" என்று என் வீட்டுக்கு வந்த முதல் நாளே சொன்னார். டீ கொடுத்தால் நின்றபடி குடிப்பார். பாதி டீயை எங்காவது வைத்துவிட்டு, அடுத்த நாள் அதை நினைத்துக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்பார்.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஜன்னல் எத்தனை அடி இருந்தாலும், துணி ஒரு சாண் கூடுதலாக வெட்டச் சொல்வார். "துவைச்சா சுருங்கும்க்கா. அப்ப மடிச்சுத் தச்சதப் பிரிச்சு இறக்கிக்கலாம். இல்லன்னா ஜன்னல் அரைக்கால் சட்டை போட்ட மாதிரி நிக்கும்." காசு மிச்சம் பிடிக்கிற வாடிக்கையாளர்களோடு இதற்காகச் சண்டையே போடுவார். கூடுதல் துணி இல்லாமல் வெட்டி அவர் கையெழுத்துப் போட்டது வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான். அதுதான் கீழே தூணோரம் நிற்கிறது.

முன்பு அவரிடம் ஒரு சின்ன வண்டி இருந்தது. குடும்பமோ பெரியது: மனைவி, பதினான்கு வயது மகள், ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டே இருக்கும் இரட்டைப் பையன்கள், முழங்கால் மடங்காத மாமனார். மாமனார் காலை நீட்டினால் சின்ன வண்டியில் பாதி அவர் கால்தான். எங்கே போனாலும் இரண்டு நடை அடிக்க வேண்டும். சொந்தக்காரர் ஒருவர் கல்யாணத்துக்கு இரண்டாம் நடையில் போனவர்கள் நுழைந்தபோது பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்களாம். அந்த இரண்டாம் நடையில் மாமனார் இருந்தார். ஒரு வாரம் மாப்பிள்ளையிடம் அவர் பேசவில்லை. அதன்பிறகுதான் ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டும் என்ற யோசனை வந்தது. வாங்கக் கட்டுப்படியாகாது. லீஸுக்கு எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

லீஸ் என்றால் என்ன என்று எனக்கு விளக்கியவர் அவருடைய மனைவி. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர். வலியோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து நிதானமாகப் பேசப் பழகிவிட்டவர். "மூணு வருஷத்துக்கு வண்டி நம்மகிட்ட இருக்கும்க்கா. மாசாமாசம் பணம் கட்டணும். மூணு வருஷம் முடிஞ்சா துடைச்சு எடுத்துட்டுப் போய்க் குடுத்துடணும். கீறல் இருந்தா அதுக்குக் காசு. சீட்டுல கறை இருந்தா காசு. நடுவுல வேணாம்னு குடுத்தா அதுக்கும் காசு. டயரு, இன்ஷூரன்சு, சர்வீசு எல்லாம் நம்ம தலைல. நம்ம வண்டின்னு சொல்லிக்கலாம், அது மட்டும்தான் இலவசம்."

முக்கியமானதை அவர் கடைசியில் சொன்னார். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு உண்டு. தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு டீ விலை. வரம்பைக் கூட்டிக் கேட்டால் மாதத் தொகையும் கூடும். "வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுவீங்க?" என்று லீஸ் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். அளவு என்று கேட்டால் நம்மவர் விடுவாரா? இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து பள்ளிக்கூடம், மாமனாரின் மருத்துவர், மாதத்துக்கு ஒரு சொந்தக்காரர் வீடு என்று எல்லாவற்றையும் பழைய வண்டியில் ஓட்டி அளந்தார். அச்சாக அந்த அளவுக்கே கையெழுத்துப் போட்டார். மாதத் தொகை குறைந்தது. பழைய வண்டியை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பெரிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, மாமனாரை நடுச் சீட்டில் கால் நீட்டி உட்காரவைத்துக் கட்டடத்தையே ஒரு சுற்றுச் சுற்றினார். அன்று மாமனார் சிரித்ததைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு மாதம் கழித்து மகளை நீச்சல் அணிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல சேதிதான். ஆனால் குளம் இருப்பது ஊரின் மறுகோடியில். வாரத்தில் ஐந்து நாள், விடியற்காலையில். இதை அவர் அளக்கவில்லை.

அன்று முதல் மனிதர் மனிதராக இல்லை. கிலோமீட்டர் எண்ணைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார். பால் வாங்க நடந்து போவார். சொந்தக்காரர் வீட்டுக்கு மாமனாரைத் தவிர எல்லாரும் பஸ்ஸில் போனார்கள். மாமனாரும் தமக்காக மட்டும் வண்டி எடுக்க வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். ஏழு சீட்டும் காலியாகத் தூணோரம் நிற்க, அதற்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது. "தூங்குற குழந்த மாதிரி கார எழுப்பாம வச்சிருக்காருக்கா" என்றார் மனைவி. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. நாலு ஜன்னலுக்குக் கூடுதல் துணி கேட்டுச் சண்டை போடுகிறவர், இதற்கு மட்டும் ஏன் கணக்கை இழுத்துப் பிடித்தார்?

மகள்தான் வழி சொல்லியிருக்கிறாள். பாதித் தூரத்தில் ஒரு பெரிய சந்திப்பு இருக்கிறது. அங்கிருந்து குளத்து வாசலுக்கு நேர் பஸ் உண்டு. "அப்பா, அங்க இறக்கி விட்டுடுங்க. மீதிய நான் பஸ்ல போயிடறேன். உங்களுக்குக் கிலோமீட்டர் மிச்சம்." அவர் சரி என்றார். சரி என்று சொன்ன வாயோடு எழுந்து போய், அந்த வாரம் முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை என்றார் மனைவி. பஸ் சில நாள் நேரத்துக்கு வரும், சில நாள் ஆடி அசைந்து வரும். இரண்டு தடவை பெண் பிந்திப் போனாள். பயிற்சியாளர் கறாரான பெண்மணி. ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு ஆள் எடுக்கிறேன், அன்றும் பிந்தினால் அணியிலிருந்து பேரை எடுத்துவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. என் தங்கை வீடு குளத்துக்கு அருகில்தான். சந்திப்பு வரை வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். "இன்னிக்காவது முழுசாக் கொண்டு போய் விடுங்க" என்று மனைவி மாடியிலிருந்து சொன்னது எனக்குக் கேட்டது. பின் சீட்டில் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்த பெண், "வேணாம்மா, முதல் பஸ்சையே பிடிச்சுடலாம். எப்பவும் போலவே போறேன்" என்றாள். அப்பாவுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற ரோஷம் அந்தக் குரலில் இருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்தார், இருக்கையை முன்னே நகர்த்தினார், பின்னே நகர்த்தினார். வழியெல்லாம் ஸ்டியரிங்கில் விரல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

சந்திப்பில் பஸ் தயாராக நின்றது. பெண் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறிக் கடைசிச் சீட்டில் உட்கார்ந்தாள். நான் இறங்கக் கதவில் கை வைத்தேன்.

"உக்காருங்கக்கா, நானும் அந்தப் பக்கம்தான்" என்றார்.

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்."

பஸ் கிளம்பியது. நாங்களும் கிளம்பினோம். பஸ் நின்றால் இவரும் நாலைந்து வண்டி தள்ளி நிறுத்துவார். அது நகர்ந்தால் இவரும் நகர்வார். தெருவிலேயே பெரிய வண்டியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஒளிந்து ஒளிந்து ஓட்டுவதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு மெல்லப் புரிந்தது.

"தினமும் இப்படித்தானா?"

"அவ இறங்கி உள்ள போறதப் பாத்துட்டா திரும்பிடுவேன்க்கா."

"அப்ப கிலோமீட்டர்ல என்னதான் மிச்சம்?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "மிச்சம் இல்ல" என்றார். "ஒவ்வொரு நாளும் சந்திப்புலயே திரும்பிடணும்னுதான் கிளம்பறேன். பஸ்சு வளைஞ்சு போகும்போது அவ தலை மட்டும் தெரியுது பாருங்க, அப்ப கை தானா இந்தப் பக்கம் திருப்பிடுது."

"அதுக்கு அவளையே ஏத்திக்கிட்டுப் போகலாமே?"

"பஸ்ல போறதுக்கு ஒத்துக்கிட்டவனே நான்தானே. பெத்த புள்ளைகிட்ட கிலோமீட்டர் கணக்குப் பாத்தவன், இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஏறுன்னு சொல்றது?"

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் வடிந்துவிட்டது. மகளுக்குத் தெரியாமல் அவர் ஓட்டிய தூரத்தின் விலை மூன்றாம் வருடக் கடைசியில் வந்து நிற்கப்போகிறது; அதை எப்படிக் கட்டுவது என்று அவருக்கே தெரியாது. தெரியாமலேதான் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

குளத்து நிறுத்தம் வந்தது. நீச்சல் பை மாட்டிய இரண்டு பையன்கள் இறங்கினார்கள். ஒரு பெரியவர் இறங்கினார். கதவு மூடிக்கொண்டது. பஸ் நகர்ந்தது.

"இறங்கலியே" என்றார். "அக்கா, இறங்கலியே."

பஸ்ஸின் பின் கண்ணாடியில் அவள் தலை தெரிந்தது. ஜன்னலில் சாய்ந்திருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதுவும் குலுங்கியது. பிள்ளை தூங்கிவிட்டாள். நாலரை மணிக்கு எழுந்த பிள்ளை, கைக்கெட்டிய அணியை விட்டுவிட்டுத் தூக்கத்திலேயே அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அவர் ஹாரனை அழுத்தினார். பஸ்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்து, வலியச் சந்தில் நுழைத்து, பஸ்ஸைத் தாண்டினார். ஒரு தகரத் தடுப்பு எங்கள் வண்டியின் பக்கத்தை நெடுக உரசிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தில் நான்தான் பல்லைக் கடித்தேன். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. அடுத்த நிறுத்தத்துக்கு முன்னால் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, இறங்கி ஓடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ரோட்டில் நின்றார். பஸ்காரர் கத்தினார். "கத்துங்க சார், நல்லாக் கத்துங்க. எம்பொண்ணு உள்ள தூங்குது, எழுப்பி விட்டுட்டுக் கத்துங்க" என்றார் இவர்.

பெண் ஒரு கையில் பையும் மறுகையில் செருப்புமாக இறங்கி வந்தாள். நான் முன் சீட்டை விட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன். அவள் உட்கார்ந்து, அப்பாவையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"லேட்டாயிடுச்சாப்பா?"

"இல்ல. இன்னும் நேரம் இருக்கு."

"பின்னாடியே வந்தீங்களா? தினமுமா?" எட்டிக் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்தாள். "அப்ப கிலோமீட்டர் ஏறிடுச்சேப்பா…"

அவர் தன் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட பெண்ணின் பக்கம் சாய்ந்து, சீட் பெல்ட்டை அவரே இழுத்து, சின்னக் குழந்தைக்கு மாட்டுவதுபோல மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.