வாந்திக்கு ஒரு செல்லப் பெயர்

நோலீன் டிரான்டருக்கு வாந்தியைக் கண்டாலே குடலைப் புரட்டும். ஆனால் நியூகாசில் துறைமுகத்துக்கு எதிரே, டெஸ் மல்காஹியின் மதுக்கடையில் அவள் பார்த்த வேலையே அதை அள்ளுவதுதான். சம்பள நாளில் இரும்பாலை ஆட்கள் பீரை மடமடவென்று ஊற்றிக்கொள்வார்கள். பிறகு கழிப்பறை வரைக்கும்கூடப் போகாமல் நடைவழியிலேயே கொட்டுவார்கள். அவள் மரத்தூளைத் தூவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாருவாள். அதில் ‘பை’ என்கிற, இறைச்சி அடைத்த பண்டமும் பட்டாணியும் முழுசு முழுசாகக் கிடக்கும். அந்தப் பண்டத்தை அவள் வாயில் வைத்தே பல வருஷமாயிற்று.

அதைவிட அவளுக்கு அருவருப்பு, அந்தக் கண்றாவிக்கு அவர்கள் வைத்திருந்த செல்லப் பெயர்: சண்டர். “நேத்து விட்டேன் பாரு ஒரு சண்டர்!” என்பான் ஒருவன். பிள்ளை முதலடி வைத்ததைச் சொல்வதுபோல முகமெல்லாம் பூரிப்பு.

ஒரு சனிக்கிழமை மதியம் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று சண்டை மூண்டது.

“பழைய பூட்ஸ் பாலிஷ் விளம்பரத்துல வந்த பேருடா அது. அந்த முழுப் பேரோட கடைசி, வாந்திக்குச் சொல்ற ‘ஸ்பியூ’ங்கற வார்த்தைக்கு எதுகையா இருக்குன்னு ஜனங்க புடிச்சுக்கிச்சு” என்றார் அச்சகத்தில் வேலை பார்க்கும் வால் என்பவர்.

“போடா பாலிஷு!” என்றார் கிளாரி. கப்பலில் காலம் தள்ளிய கிழவர். “மேல்தட்டுல படுத்திருக்கவன் கீழ இருக்கவனுக்குக் குரல் குடுப்பான், ‘வாட்ச் அண்டர்’னு. கீழ பாத்துக்கோன்னு அர்த்தம். அதான் சுருங்கி சண்டர் ஆச்சு. காட்டவா?”

பில்லியர்ட்ஸ் மேசைமேல் ஏறிப் படுத்தார். வாலைக் கீழே உட்காரச் சொன்னார். “வாட்ச் அண்…” என்று கத்தினார். மிச்சத்துக்குப் பதிலாக வயிற்றிலிருந்ததெல்லாம் வந்தது. பச்சைத் துணிமேல் பாதி, வாலின் வழுக்கைமேல் பாதி. கடையே உருண்டு புரண்டு சிரித்தது.

“நோலீன் கண்ணு, வாளியக் கொண்டா!” என்றான் டெஸ், கண்ணைத் துடைத்தபடி.

கொண்டுவந்தாள். வாலின் காதோரம் ஒரு பட்டாணி வழுக்கி இறங்குவதைப் பார்த்தாள். வாளியை மேசைமேல் கிளாரியின் மூக்குக்கு நேரே வைத்தாள்.

“பேரு வெச்சுக் கொஞ்சறது நீங்கதானே? பிள்ளையையும் நீங்களே கழுவுங்க.”

ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறினாள். மறுநாள் டெஸ் வீட்டுக்கே வந்து கெஞ்சினான். வாசலின் கொசுவலைக் கதவைக்கூட அவள் திறக்கவில்லை.

நகராட்சி மயானத்தில் புல் வெட்டும் வேலை கிடைத்தது. “பொணங்களோட இருக்கியே, அருவருப்பா இல்லையாடி?” என்று தங்கை கேட்டாள்.

“இதுங்க எதையும் வெளிய தள்றதில்லடி” என்றாள் நோலீன்.

இரண்டு வருஷம் கழித்து, பஸ்ஸில் பின் இருக்கை இளைஞன் ஒருவன் பீற்றிக்கொண்டிருந்தான்: “கல்யாண வீட்ல நான் ஒரு கிளாரி விட்டேன் பாரு, மாமனாரோட ஷூ நெறைய!”

“கிளாரின்னா?” என்றது இன்னொரு குரல்.

“வாந்திதான்டா. ஏன் அப்படிச் சொல்றாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

நோலீன் எழுந்தாள். மணியை இழுத்து, இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, மழையில் நடந்தாள்.