கடைசி வயலின் தண்ணீர்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள்கூட என் கரும்பலகையைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்கள். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் டீச்சர் வீட்டுக்குத்தான் வருவார்கள். அந்தப் பெருமை தலைக்கேறித்தான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

தொண்டியிலிருந்து மேற்கே தள்ளி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். அய்யா எனக்கு விட்டுப்போனது கண்மாய் மடையை ஒட்டிய முதல் வயல். அதே வாய்க்காலின் கடைசி வயல் நீர்பாய்ச்சியுடையது. மடையைத் திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் விட்டு, முடிந்ததும் அடைப்பது அவர் வேலை. தலைமுறை தலைமுறையாக அவர் வீட்டார்தான் செய்துவந்தார்கள். சம்பளம் கிடையாது. அந்த ஒரு வயலுக்குப் பாயும் தண்ணீர்தான் கூலி. கண்மாயில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் கடைசி வயலில் தொடங்கி மேலே ஏறி வரவேண்டும் என்பது ஊர் வழக்கம். மடைக்குப் பக்கத்து ஆட்கள் எப்படியும் எடுத்துக்கொள்வார்கள் என்று பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களை நன்றாகவே எடைபோட்டு வைத்திருக்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் மழை பாதியில் நின்றுபோனது. கண்மாயில் இரண்டு முறை பாய்ச்சத்தான் தண்ணீர் இருந்தது. முதல் முறையை அவர் வழக்கப்படி கடைசியிலிருந்து தொடங்கினார். தண்ணீர் என் வரப்பை உரசிக்கொண்டு போகிறது, என் வயலோ வெடித்துக் கிடக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முதல்ல என் வயலுக்குத் திருப்பிவிடுப்பா” என்றேன். என்னைவிட நாலு வயது மூத்தவர் அவர். எங்கள் வீட்டில் அவரை ‘வாப்பா, போப்பா’ என்றுதான் பேசிப் பழக்கம்.

“முறைன்னு ஒண்ணு இருக்குல்ல டீச்சர். மூணு நாள் பொறுங்க, ஒங்களுக்கும் வந்துரும்” என்றார்.

மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. பயிரும் பிழைத்தது. என் கோபம்தான் ஆறவில்லை. வேறொரு காரியத்துக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஆயக்கட்டுப் பதிவேட்டின் நகல் என்னிடம் இருந்தது. கண்மாய்த் தண்ணீருக்கு உரிமையுள்ள வயல்களின் பட்டியல் அது. தேடிப் பார்த்தேன். அவர் வயல் அதில் இல்லை. வழக்கத்தை யார் எழுதி வைத்தார்கள்? ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப்போய் மனு கொடுத்தேன். ஆயக்கட்டில் சேராத நிலத்துக்கு முறைகேடாக நீர் பாய்ச்சப்படுகிறது என்று எழுதியிருந்தேன். பதிவேட்டின்படி அதில் பொய் எதுவும் இல்லை. அந்தத் தண்ணீர் அவருடைய கூலி என்பதை மட்டும் எழுதவில்லை.

சில நாளில் ஜீப்பில் அதிகாரி ஒருவர் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். அந்த வயலுக்கு இனித் தண்ணீர் விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மனு யாருடையது என்று ஊருக்கே தெரியும். அப்படி எழுத ஊரில் வேறு ஆள் இல்லை.

இரண்டாம் முறைக்கும் நீர்பாய்ச்சி மண்வெட்டியோடு வந்தார். வராமல் இருந்திருக்கலாம். என் வரப்பை அவரே வெட்டித் தண்ணீரைத் திருப்பினார்.

“போதுமா டீச்சர், இன்னுங் கொஞ்சம் நிக்கட்டுமா?”

“நிக்கட்டும்” என்றேன். இதை எழுதக் கை கூசுகிறது. அன்றைக்கு வாய் கூசவில்லை.

தன் வயலுக்கு முந்தின வயலோடு வாய்க்காலை அடைத்துவிட்டு, மற்ற எல்லா வயலுக்கும் ஒழுங்காகப் பாய்ச்சினார். அவர் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் காய்ந்து, மணி பிடிக்காமல் சாவியானது. பிறகு அதில் ஆடு மேய்ந்தது. எனக்கு நல்ல விளைச்சல்.

அறுவடை முடிந்து ஒருநாள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் கையில் வெள்ளைத் தாள் இருந்தது.

“எங்க வயலையும் அந்தப் பதிவேட்டுல ஏத்தணும்னு ஒரு மனு எழுதணும் டீச்சர். நீங்க எழுதுனாத்தான் கேப்பாக.”

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. மனு எழுத அவருக்குத் தெரிந்த ஆள் நான்தான், அவ்வளவுதான். உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தடவை கூலியைப் பற்றி எழுதினேன், ஊர் வழக்கத்தைப் பற்றியும் எழுதினேன். வழக்கம் உண்மைதான் என்று ஆயக்கட்டுக்காரர் ஒருவராவது சாட்சிக் கையெழுத்துப் போட்டால் நல்லது என்று, பழக்கதோஷத்தில், நானே சொல்லியும் தொலைத்தேன்.

“அப்ப நீங்களே போட்ருங்க டீச்சர்” என்று பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

போட்டால் என் முதல் மனு என்ன ஆவது? ஜீப்பில் வந்தவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? “நல்ல தாள்ல எழுதிப் போட்டு வைக்கிறேன், நாளைக்கு வாப்பா” என்றேன்.

மறுநாள் வந்தார். நான் உள்ளறையில் இருந்துகொண்டு, அம்மா இல்லை என்று மகளைச் சொல்ல வைத்தேன். “சரி ஆத்தா, பெறகு வாரேன்” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. என் செருப்பு வாசலில்தான் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

இப்போது முந்திக்கொள்கிறவர்கள் மடையைத் திறக்கிறார்கள். தண்ணீர் பாதி வாய்க்காலைத் தாண்டுவதில்லை. முதல் வயலுக்கு ஒரு குறையும் இல்லை. மனு கையெழுத்தில்லாமல் என் பீரோவில் இருக்கிறது. அவர் தொண்டியில் ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். காலை பஸ்ஸில் கூட்டமாக இருந்தால், என்னைப் பார்த்ததும் எழுந்து, “உக்காருங்க டீச்சர்” என்று இடம் கொடுக்கிறார்.

நான் உட்கார்ந்துகொள்கிறேன்.