இருபத்தெட்டு இருக்கா?

போன வாரம் மேற்குத் தாம்பரத்தில் மாத்திரை வாங்கப் போனவன், பக்கத்துக் கடை மீன் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டேன். தொட்டியின் மேல் சிவப்பாக 28 என்று எரிந்தது. இப்போதெல்லாம் சூட்டை ஹீட்டரே பார்த்துக்கொள்கிறதாம். மாத்திரை வாங்காமலே திரும்பி, வீட்டில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

எல்லாம் அந்த வாசனை செய்த வேலை. பாசியும் மீன் தீனியும் கலந்த வாசனை. பொழிச்சலூரில் நானும் ஸ்டீபனும் எடுத்திருந்த ஒற்றை ரூமில், என் சட்டையில்கூட அதுதான் அடிக்கும். இருவரும் திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டினோம். ரூமுக்கு வந்ததும் நான் சோற்றைத் தேடுவேன், அவன் தெர்மாமீட்டரைத் தேடுவான். தட்டு மாதிரி வட்டமாக நாலு டிஸ்கஸ் மீன். தண்ணீரின் சூடு இருபத்தெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. எனக்கு வியர்த்துக் கொட்டினாலும் ஃபேனைப் போடவிடமாட்டான், பாவி. தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது தண்ணீர் நடுங்கும். நாலும் மூலையில் ஒட்டிக்கொள்ளும்.

கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவில் போனவன், தொட்டியை என் தலையில் கட்டினான். கரண்ட் போய் ஹீட்டர் நின்றால் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, மூடி, மிதக்கவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. மறுநாளே மழை, கரண்ட் இல்லை. இருபத்திமூன்றுக்கு இறங்கிவிட்டது. எனக்கோ வேலைக்கு நேரமாச்சு. பாட்டிலாவது மூடியாவது என்று சுடுதண்ணீரைக் குக்கரோடு தொட்டியில் சாய்த்துவிட்டு ஓடினேன். சாயந்திரம் வந்தால் நாலும் மிதந்தன.

அங்கே அவனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆனாலும் தினமும் போன்.

"மச்சான், இருபத்தெட்டு இருக்கா?"

"இருக்குடா. உனக்கு எப்படி?"

"நார்மல்டா."

உடம்பு தேறி வரட்டும், காலில் விழுந்துவிடலாம் என்று இருந்தேன். பொய் முழுப் பொய்யாக வேண்டாமே என்று, கரண்ட் வந்ததும் மீனில்லாத தண்ணீரை இருபத்தெட்டிலேயே வைத்திருந்தேன். என்ன புத்தியோ.

அவன் வரவேயில்லை. சாமான் எடுக்க அவன் அக்காதான் வந்தார். தொட்டியைப் பார்த்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார்.

"அவனுக்குக் காய்ச்சல் ஒரு நாள்கூட நூத்திமூணுக்குக் கீழ இறங்கலப்பா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டான். மீனைப் போட்டுட்டு ஓடி வந்துடுவியாம்."

அந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். தொட்டி யாரிடம் போனதோ, தெரியாது. விமானங்கள் மட்டும் அப்படியே இறங்குகின்றன. அந்தச் சத்தம் கேட்டால் இப்போதும், பக்கத்தில் யார் இருந்தாலும், என் வாய் தானாக "இருக்குடா" என்று சொல்லிவிடுகிறது.