பங்களாவில் இருவருக்கு ஒரு மேசை

லெஸ்டர் நகரத்தில் நான் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் எல்லோரும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். நாளை மத்தியானம் மனைவியை எங்கே சாப்பிடக் கூட்டிப் போகிறாய்? வீட்டில் அடுப்பு பழுதா என்று முதல் வருடம் நான் திருப்பிக் கேட்டேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். இலங்கையில் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒருவன் பெண்டாட்டிக்குக் கடையில் சோறு வாங்கிக் கொடுக்கிறான் என்றால், அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வருகிறான் என்று அர்த்தம். இங்கே அதற்கு ரொமான்டிக் என்று பெயர். பட்டப்பகலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, முன்பின் தெரியாத நாற்பது பேர் பார்த்திருக்க, கட்டின மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சூப் குடிக்க வேண்டும்.

கூட வேலை செய்யும் மார்க் ஒருநாள் என் ஊரைப் பற்றி விசாரித்தான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் என்றேன். அவன் கண்ணை விரித்து, எத்தனை ஏக்கர் என்று கேட்டான். அவன் என்னவென்று நினைத்துக்கொண்டான் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெரிய தோட்டம்தான் என்று சொல்லி வைத்தேன். அன்று முதல் அவனுக்கு நான் தோட்ட முதலாளி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா ஒன்றில், அந்த ஒற்றை அறைக்குள், ஏழு பேர் படுத்த கதையை அவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

போன வருடம் ஊருக்குப் போனபோது என் மனைவி செல்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கல்யாணமான மறுவாரமே விமானம் ஏறியவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிஃப்ட். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் விடுவதில்லை. இந்த முறை ஒரு சனிக்கிழமை, ஒரு மத்தியானச் சாப்பாடு, நாம் இரண்டு பேர் மட்டும் என்றாள். அவள் மனதில் இருந்த இடம் ராகலை டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் சாப்பாட்டுக் கடை. கடையின் பின்பக்கம் பலகை அடித்துப் பிரித்த ஃபெமிலி ரூம், அதற்கு ஒரு பூப்போட்ட திரைச்சீலை. காதலித்த காலத்தில் அந்தத் திரைக்குள் உட்கார்ந்துதான் ஒரு பிரியாணியை இரண்டு பேர் சாப்பிட்டோம். வெளியே யார் குரல் கேட்டாலும் செல்வி தலையைக் குனிந்துகொள்வாள்.

எனக்கு அது கேவலமாகப்பட்டது. இங்கிலாந்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து எண்ணெய் பிசுக்கு மேசையில் உட்காரவா? போனில் தேடத் தொடங்கினேன். நுவரெலியாவைச் சுற்றி ரொமான்டிக் உணவகங்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. இறம்பொடைப் பக்கம் ஒன்று. அருவி பார்க்கும் மேசைக்குத் தனிக் கட்டணம், அருவியை இவர்களே தண்ணீர் ஊற்றி வளர்த்த மாதிரி. இன்னொன்றில் மேசையெங்கும் ரோசாப்பூ இதழைத் தூவி வைப்பார்களாம். சோற்றில் ஒட்டினால் யார் பொறுக்குவது? வேறொன்றில் விருந்தாளிகளுக்குக் கொழுந்துக் கூடையை மாட்டிப் படம் பிடித்துத் தருகிறார்கள். என் அம்மாவின் முதுகில் முப்பது வருடம் கிடந்த கூடை அது. ஒவ்வொன்றையும் வாயாரத் திட்டிக்கொண்டே போனவன், கடைசியில் ஒரு படத்தில் நின்றுவிட்டேன். எங்கள் தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரையின் பங்களா, ஹோட்டலாகியிருந்தது. செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முன் வராந்தாவில் இருவருக்கு மேசை சொல்லிவிட்டேன்.

அந்தப் பங்களாப் படியை நான் மறக்கவில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒழுகும் கூரைக்கு இரண்டு தகரம் கேட்கப் போன அப்பா என்னையும் கூட்டிப் போனார். கேற்றருகே செருப்பைக் கழற்றினார். படிக்குக் கீழே வந்ததும், கொட்டுகிற மழையில், குடையைச் சுருக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். துரைக்கு முன்னால் குடை பிடிக்கக் கூடாது. துரை வராந்தாவில் தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை நாங்கள் நனைந்தோம். தகரம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை வேன் பங்களா வாசலில் நின்றது. கோட்டுப் போட்ட வெயிட்டர் ஆங்கிலத்தில் வரவேற்றார். முப்பது வயதுக்காரர். முகத்தைப் பார்த்தாலே நம் ஆள் என்று தெரிந்தது. நான் தமிழில் பேச, அவர் விடாமல் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். பாரு, தேயிலைக்குள் பிறந்துவிட்டு என்ன பந்தா என்று செல்வியின் காதில் சொன்னேன். அவள் படியேறி, சொன்ன மேசையில் போய் உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே ஏறினேன். தரை ஜில்லென்று காலில் பட்டபோதுதான் பார்த்தேன். என் சப்பாத்துகள் இரண்டும் கடைசிப் படிக்குக் கீழே, சுவரோரமாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. நான்தான் கழற்றியிருக்கிறேன். எப்போது குனிந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெயிட்டர் என் காலைப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். ஆங்கிலம் போய்விட்டது.

"சப்பாத்த போட்டுக்கங்க சேர். இப்பல்லாம் அப்பிடி இல்ல," என்றார் மெதுவாக.

அவர் இரக்கப்பட்டதை என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு என் வாய் ஓயவில்லை. சூப் தண்ணியாக இருக்கிறது என்றேன். மீன் துண்டு தீப்பெட்டி அளவுதான் என்றேன். இந்தத் தூண்கிட்டதான் துரையின் நாய் கட்டியிருக்கும், அந்த மூலையில்தான் துரை உட்காருவான், இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன், அவன் எங்கே என்றெல்லாம் அளந்தேன். வராந்தாவுக்குக் கீழே மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மேசை வெள்ளைக்கார ஜோடி அவர்களைப் படம் எடுத்தது. அதற்கும் ஒரு வசை. செல்வி அன்று அரக்கு நிறத்தில் ஒரு புதுச் சேலை கட்டியிருந்தாள். அதை நான் கவனித்ததே, அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தபோதுதான்.

"நாம ரெண்டு பேரு மட்டும்னுதானே சொன்னேன்? நீங்க தொரையையும் கூட்டியாந்துட்டீங்க."

சொல்லிவிட்டு அவள் சரிவைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். இதய வடிவத்தில் ஒரு புடிங் வந்தது. இரண்டு பேரும் தொடவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் கேட்ட ஒரே மத்தியானத்தை, செத்துப்போன ஒரு துரைக்கு வீறாப்புக் காட்டிக் கரைத்துவிட்டேன். மார்க்கையும் வெயிட்டரையும் இளக்காரமாகப் பார்த்தவனுக்கு வெட்கமாக இருந்தது.

வேனில் ஏறியதும் செல்வி டிரைவரிடம் ராகலைக்கு விடச் சொன்னாள். எனக்குப் பசிக்குது என்று மட்டும் என்னிடம் சொன்னாள். தூறல் பிடித்திருந்தது. தோட்டத்து ஒடுங்கிய ரோட்டில், எங்களுக்கு முன்னால் ஒரு வயதான அம்மா குடை பிடித்து நடந்துகொண்டிருந்தார். வேன் சத்தம் கேட்டதும் ஓரமாகத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கினார். பிறகு குடையைச் சுருக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேன் கடக்கும் வரை மழையில் நின்றார். ரோடு குறுகலானது, குடை இடிக்கும் என்பதற்காகவும் இருக்கலாம். செல்வி வேனை நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை இறக்கினாள்.

"குடைய விரிங்கம்மா, நனையிறீங்க."

அந்த அம்மா அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, உள்ளே சப்பாத்துப் போட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். எதற்காக என்று எனக்குப் புரிந்தது. சரி என்று தலையை ஆட்டினேன். அதன் பிறகுதான் அவர் குடையை விரித்தார்.