கன்று வைக்காத வாழை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஒரு வாழையைப் பார்த்து "யாரது?" என்று கேட்டேன்.

அது பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த வாரம் இந்தப் பக்கம் காலியாகத்தான் வந்திருக்கும்.

உதியன்குளங்கரையில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் தங்கராஜ் அண்ணன். மகள் குன்னூரில் இருக்கிறாள். அங்கிருந்து சின்ன வாழை ஒன்றைக் கொண்டுவந்தார். தன் முற்றத்தில் இடமில்லை என்று என் முற்றத்து மூலையில் நட்டார். பிறகு அவர் மனைவி மேரி அக்காவுக்கு உடம்பு முடியாமல் போக, இருவரும் மகள் வீட்டுக்கே போய்விட்டார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்கா, இத மட்டும் பாத்துக்கிடணும் கேட்டியா" என்றார்.

பார்த்துக்கொண்டேன். பார்க்கப் பார்க்க... அது வாழை மாதிரியே இல்லை.

எங்கள் பக்கத்தில் வாழை தெரியாதவர் உண்டா? ஏத்தன், மட்டி, செந்துளுவன் என்று இலையைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவோம். இதற்கோ அடி குடம் போல வீங்கியது. தண்டு முழுக்க வெள்ளைப் பொடி — யாரோ திருநீற்றை அள்ளிப் பூசியது போல. மழை இருட்டில் மற்ற மரங்கள் மறைந்துவிடும். இது மட்டும் தெரியும். வெள்ளை வேட்டி கட்டிய ஆள் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது போல. பிறகு பூ வந்தது. சிவப்பு இல்லை, பச்சை! தினமும் கொஞ்சம் நீண்டு, பின்னிவிட்ட சடை போலத் தரையை நோக்கி இறங்கியது.

எல்லாவற்றையும்விட — இரண்டு வருடத்தில் ஒரு கன்றுகூட வைக்கவில்லை.

கல்யாண வாசலில் குலைவாழை கட்டுகிற ஊரில் இது லேசான குற்றமா? அதுவும் ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க திருப்புறத்திலிருந்து ஆட்கள் வருகிறபோது?

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க கேட்டைத் தொறந்ததும் இதாக்கும் நிக்கும். கன்னு வைக்காத வாழை! வெட்டுங்க" என்றாள் மனைவி.

"தங்கராஜ் அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"அண்ணன் பேர்ல சாக்கு வேண்டாம். பயந்து போயித்தான் வெட்டாம நிக்கீங்கன்னு சொல்லுங்க."

இதற்கு மேல் ஓர் ஆண்மகன் என்ன செய்வான்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தூறலில், வெட்டுக்கத்தியோடு போனேன்.

தண்டில், என் நெஞ்சு உயரத்தில், ஐந்து விரல் தடம்.

வெள்ளைப் பொடியை யாரோ உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தது போல. விரல்கள் என்னை நோக்கி விரிந்திருந்தன. அப்போதுதான் அந்த "யாரது?". பிறகு கத்தி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், நான் அடுக்களையில். வாசல் வழியாக வந்தேனா, ஜன்னல் வழியாக வந்தேனா... நினைவில்லை.

தங்கராஜ் அண்ணனை வீடியோ காலில் பிடித்து, விரல் தடத்தைச் சொன்னேன். அவர் டாக்டர் மாதிரி கேட்டார்.

"அடி குடம் போல உண்டா?"

"உண்டு."

"பூ பச்சையா? கன்னு இல்லியே?"

"இல்லண்ணே."

"அப்போ சரியாத்தான் நிக்குது. எலே, அது பனிவாழையாக்கும். மலையில குளிரு தாங்கி வளரும். திங்கதுக்கில்ல, அழகுக்கு. அந்தப் பொடி தொட்டா கையில ஒட்டும். இன்னைக்கு தொட்டியா?"

தொட்டேனா? மனைவி துவைக்கப் போட்டிருந்த என் கைலியை எடுத்து விரித்தாள். அதிலும் ஐந்து விரல். வெள்ளையாக. காலையில் எங்கே வெட்டுவது என்று தண்டை அழுத்திப் பார்த்துவிட்டு, கைலியில் துடைத்த மகான் நான்தான்.

சிரித்து முடிப்பதற்குள் மேரி அக்கா ஃபோனை வாங்கிக்கொண்டார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"தம்பி, வெட்டிராத. மக வீட்டுல நான் நட்ட விதையில முளைச்சது இது ஒண்ணுதான். இதுக்கு கன்னே கிடையாது. காய்ச்சதும் பட்டுப்போவும், பொறவு வித்து மட்டும்தான். அத எடுக்க நான் வாறேன். நடக்க முடிஞ்சா ஒடனே வாறேன்."

மனைவி கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா கேட்டைத் திறந்தார். நேரே அதைத்தான் பார்த்தார். நாங்கள் மூச்சை நிறுத்திக்கொண்டோம். கிட்டே போய், தண்டில் கையை வைத்தார்.

"யாரோ நிக்கது மாதிரி இருக்கு. இது என்ன வாழை?"

மேரி அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கையில் ஒட்டிய பொடியைப் பார்த்தார். பிறகு, "அவங்க வரும்போ எனக்கும் ரெண்டு வித்து கேட்டு வையுங்க" என்றார். சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தண்டில் இப்போது என்னுடைய ஐந்து விரல், சம்பந்தியுடைய ஐந்து விரல். நேற்றுச் சாயங்காலம் சும்மா எண்ணிப் பார்த்தேன்.

பதினைந்து.

மனைவியிடம் கேட்டுவிடலாம். "நான் தொடவே இல்லியே" என்று அவள் சொல்லிவிட்டால்?