மெலிந்த விமானிக்கு இன்ஜின் தேடிக் கிள்ளானும் மேருவும் போன கதை

எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகசாலைச் சுவர்ப் பத்திரிகைக்கு இதை எழுதித் தரச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கு மாவு மில் ஓட்ட இன்ஜின் வேண்டும். இன்னொருவருக்குப் படகுக்கு. மூன்றாமவருக்கு எதற்கென்று அவருக்கே தெரியவில்லை, எல்லோரும் தேடுகிறார்களே என்று அவரும் தேடுகிறார். ஆகவே தீபாவளிக்கு முந்தின வாரம் நானும் என் வீட்டுக்காரரும் கிள்ளான் பக்கம் போய் இன்ஜின் பார்த்து வந்ததை வழி, தூரம், செலவோடு எழுதிவிடுகிறேன். எங்களுக்கு இன்ஜின் வேண்டியிருந்தது ஆகாய விமானத்துக்கு. சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

என் வீட்டுக்காரர் பெயர் ஆரோக்கியம். வாயால் சொல்லக் கூடாது, எழுதினால் தப்பில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். ரயில்வே பட்டறையில் தச்சர். போருக்கு முன்பு லீவு நாட்களில் இங்கே ஒரு விமானக் கழகத்தில் இறக்கைகளைப் பழுதுபார்க்கப் போவார். அங்கே ஒரு துரை இவர் கைவேலையைப் பார்த்து மகிழ்ந்து ஓட்டவும் கற்றுக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ஒற்றை ஆள் உட்காரும் சின்ன விமானத்தை வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று சீமையிலிருந்து ஒரு பெட்டியை வரவழைத்தார். வரைபடம், ஆணி, இரும்புச் சாமான், இறக்கைக்கு ஒரு கட்டுத் துணி, எல்லாம் அதில் இருந்தன. மரம் இங்கேயே அறுத்தார். இன்ஜின் அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

மூன்றரை வருடம் அந்த விமானத்தின் உடம்பு எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கவிழ்ந்து கிடந்து கோழிக்கூடாக இருந்தது. சோதனைக்கு வந்த சிப்பாய் ஒருவன் குனிந்து பார்த்து, இரண்டு முட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இறக்கைச் சட்டங்களில் அவரைக்கொடி ஏற்றினேன். துணிக்கட்டைத் தகரப் பெட்டியில் போட்டுப் புதைத்தோம். ஆனால் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனபோது தோண்டி எடுத்து, அவருக்கு ஒரு சட்டை தைத்தேன். அதனால் வலது இறக்கையின் நுனிக்கு இன்றுவரை துணி குறைகிறது.

சட்டை சின்னதாகத்தான் தைத்தேன், ஏனென்றால் ஆளே சின்னதாகிவிட்டார். போருக்கு முன் நூற்றைம்பத்தைந்து ராத்தல் இருந்தவர், மரவள்ளிக்கிழங்கைத் தின்றே நூற்றுப் பதினெட்டுக்கு வந்துவிட்டார். சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனவர்களில் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு, அதை நினைத்தால் இது ஒரு குறையா என்று நாங்கள் பேசுவதேயில்லை. ஆனால் எடையோடு அவருடைய சீட்டியும் போய்விட்டது. வேலை செய்யும்போது சீட்டியடிக்கும் மனிதர் அவர். புறப்படுவதற்கு முந்தின நாள் இழைப்புளியைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"இந்தத் தடவையும் கெடைக்கலன்னா ஒடைச்சுக் கட்டில் செஞ்சிடலாம். மரம் நல்ல மரம்."

கட்டில் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ரயில் இப்போது நம்பும்படியாக இல்லை, ராணுவச் சாமானுக்கே இடம் போதவில்லை. லோரியில் போவதுதான் உத்தமம். விடிந்ததும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஏறினோம். கிள்ளானுக்கு இருபது மைல், ஆளுக்கு ஒரு வெள்ளி, அதுவும் இங்கிலீஷ் நோட்டாக. ஜப்பான் நோட்டு மூட்டையாக இருந்தாலும் வீட்டிலேயே வையுங்கள், அடுப்பு பற்றவைக்க உதவும். லோரி பெட்ரோலில் ஓடவில்லை. பின்னால் அண்டா மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். காசும் கொடுத்துத் தள்ளவும் செய்வது இந்த ஒரு வண்டியில்தான்.

டிரைவர் முனியாண்டி அண்ணன் நாங்கள் போகும் காரியத்தைக் கேட்டு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டார்.

"ஏரோப்ளேனுக்கா? எனக்கு இந்த லோரி மேடு ஏறினாப் போதும்லா தம்பி!"

மூன்று மணி நேரத்தில் கிள்ளான். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் காதர் பாயின் சாப்பாட்டுக்கடை. தமிழ்நாட்டுக் கடலோரத்திலிருந்து இருபது வருடத்துக்கு முன் வந்தவர். மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஒன்றை வைத்து மரவள்ளி மாவு அரைத்துக் கடையை இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார், இப்போது அதை விற்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனோம். பின்கட்டில் அதைப் பார்த்ததும் எங்கள் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிப் பார்த்தார். தொண்ணூறு ராத்தல். தண்ணீர் வேண்டாம், காற்றிலேயே ஆறிக்கொள்ளும். கிளப்பியதும் முதல் உதையிலேயே பேசியது.

விமானத்துக்கு இன்ஜின் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தெருவில் தோள்கம்பில் இரண்டு கூடை தொங்கவிட்டுச் சோயாக்கட்டி விற்க வருகிறாரே தவ்வுக்காரர், அதே கணக்குத்தான். இன்ஜின் மூக்கில் ஒரு கூடை, ஓட்டுகிறவர் பின்னால் இன்னொரு கூடை. ஒன்று கனத்தால் மற்றதும் கனக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்புற விழும். வரைபடக்காரன் நூற்றிருபது ராத்தல் இன்ஜினுக்கு நூற்றைம்பத்தைந்து ராத்தல் ஆள் என்று போட்டிருந்தான். இவர் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டார். தொண்ணூறு ராத்தல் இன்ஜினுக்கு ஆள் எவ்வளவு? நூற்றுப் பதினாறு!

"பாத்தியா! எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. ரெண்டு ராத்தல்தான் ஜாஸ்தி. செருப்பைக் கழட்டிட்டா சரியாப் போச்சு" என்று துள்ளினார்.

அப்புறம் சீட்டியடித்தார். மூன்றரை வருடத்துக்குப் பிறகு அதைக் கேட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

காதர் பாய்க்கும் சந்தோஷம். "தம்பி, விலைய அப்பறம் பேசுவோம். மொதல்ல சாப்பிடுங்க. சயாம் அரிசி வந்திருக்கு" என்றார்.

சயாம் அரிசி! மரவள்ளி கலக்காத, சோளம் கலக்காத, வெள்ளை வெளேரென்ற சோறு. அதன்மேல் சுறாப்புட்டு, ஆணம் என்று அவர்கள் சொல்லும் குழம்பு. நான் எழுத்தில் அடக்கமாகச் சொல்கிறேன்: மூன்று முறை போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு முறை சாப்பிட்டார். காதர் பாய் இரண்டாம் அகப்பையோடு வந்தபோது இலையைக் கையால் மறைத்தார்.

"போதும் பாய். எடை ஏறிடும்."

பசியோடு இருக்கிற மனிதர். இலையில் விழப்போகும் சோற்றைப் பார்த்துக்கொண்டே கையை எடுக்காமல் இருக்கிறார். இத்தனை நாள் இல்லாமல் தின்னவில்லை, இப்போது இருந்தும் தின்ன மாட்டாராம். அந்த இன்ஜினை அப்படியே கிள்ளான் ஆற்றில் தூக்கிப் போடலாம் போல வந்தது கோபம்.

கைகழுவும்போது காதர் பாயிடம் மெல்லக் கேட்டேன், வேறு இன்ஜின் இருக்கிறதா என்று. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மேருவுல தங்கம்மான்னு ஒரு அக்கா இருக்கு தங்கச்சி. பழைய கார் இன்ஜினை வச்சுத் தேங்காய் எண்ணெய் ஆட்டுது. இதைவிடக் கனம்லா. போய்ப் பாருங்க, என் சைக்கிளை எடுத்துக்குங்க. என் சாமான் எங்கயும் ஓடிடாது."

மேரு, கிள்ளானுக்கு வடக்கே ஆறு மைல். ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. மழை பெய்தால் சைக்கிள் உங்கள் மேல் ஏறும், எனவே காலையிலேயே போய்விடுங்கள். நாங்கள் போனது உச்சிவெயில். அவர் மிதிக்க நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் காதர் பாய் இன்ஜினைப் பற்றியே பேசினார். நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் ஆறு மைல் போனால் என்ன அர்த்தம் என்று பதினோரு வருடம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தங்கம்மா அக்கா ஆஜானுபாகுவான மனுஷி. எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். கொட்டகைக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"காலையில போட்டது. இன்னும் நிறுத்தல" என்றார். அதைக் கேட்டதும் இவர் முகம் மாறியதைக் கவனித்தேன். காதர் பாயின் இன்ஜின் சூடாகிவிடும் என்று அவ்வப்போது நிறுத்தி ஆறவிடுவார்களாம், அதைக் கடையிலேயே விசாரித்து வைத்திருந்தோம். மாவு அரைக்கும்போது நிறுத்தலாம், ஆகாயத்தில் எங்கே நிறுத்துவது?

"அக்கா, இதை ஏன் குடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"மண்ணெண்ணெய் வந்துடுச்சும்மா. இனிமே யாரு தேங்காய் எண்ணெய் வெளக்கு ஏத்துவா? மளிகைக்கடை போடப்போறேன். பலகை அடிச்சு, அலமாரி செஞ்சு குடுக்க ஆள் கெடைச்சா இன்ஜினை எடுத்துட்டுப் போகட்டும்."

என் பக்கத்தில் தச்சர் நின்றுகொண்டிருந்தார். காசே தேவையில்லை என்று ஆகிவிட்டது.

கொப்பரை நிறுக்கும் பெரிய தராசு அங்கேயே தொங்கியது. இன்ஜினின் ஓட்டத்தை நிறுத்தி, கழற்றித் தண்ணீர்த் தொட்டியோடு தட்டில் ஏற்றினோம், நூற்று முப்பது ராத்தல். பிறகு தங்கம்மா அக்கா, "தம்பி, நீயும் ஏறு" என்று இவரையும் தட்டில் உட்கார வைத்தார். நூற்றிருபது. அந்த இரண்டு ராத்தல் காதர் பாய் கடைச் சோறு. இவர் அதற்கே வருத்தப்பட்டார் என்றால் பாருங்கள்.

தட்டில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டார். நூற்று முப்பது ராத்தல் இன்ஜினுக்கு நூற்று அறுபத்தெட்டு ராத்தல் ஆள் வேண்டும். நாற்பத்தெட்டு ராத்தல் குறைகிறது.

"நல்ல இன்ஜின்தான். பாரத்தைத் தூக்கிடும், சட்டமும் தாங்கும். ஆனா மூக்கு கனத்துடுமே" என்று இறங்கினார். பிறகு ஏதோ தோன்றி, "சீட்டுக்கு அடியில மணல் மூட்டை கட்டிக்கலாம்" என்றார்.

அதுவரை அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

"மணலைக் கட்டிட்டுப் பறக்கிறதுக்கு, சோத்தைத் தின்னுட்டுப் பறங்க!"

தங்கம்மா அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

"ஒனக்குப் புரியல. நாப்பத்தெட்டு ராத்தல் ஏற எத்தனை மாசமாகும்? நாளைக்கு நாளைக்குன்னே மூணரை வருஷம் போச்சு. இப்பப் பறக்கலன்னா மறுபடி எதாவது வந்துடுமோன்னு பயமா இருக்கு."

அவர் பயத்தைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"அந்தச் சின்ன இன்ஜினை வாங்கினா நீங்க சாகிற வரைக்கும் இதே ஒடம்புலதான் இருக்கணும். எலையைக் கையால மூடிட்டே இருக்கணும். ஜப்பான்காரன் போயிட்டான். அவன் குடுத்த நோட்டைத் தூக்கிப் போட்டாச்சு, அவன் குடுத்த எடையை மட்டும் ஏன் வச்சுக்கணும்?"

இவர் இறக்கி வைத்திருந்த இன்ஜினின் தலையில் கைவைத்துச் சூடு பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, "அக்கா, அலமாரி எத்தனை தட்டு வேணும்?" என்று கேட்டார்.

கிள்ளானுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. காதர் பாயிடம் எப்படிச் சொல்வது என்று நான் கூசிக்கொண்டிருந்தேன். இவர் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே உள்ளே போய் உட்கார்ந்தார்.

"பாய், சோறு மிச்சம் இருக்கா?"

காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டார், அந்தச் சட்டியில் அன்றைக்கு மிச்சம் எதுவும் இல்லை. இன்ஜின் விற்காமல் போனதற்கு அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை, அரிசி மாவு அரைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்றார்.

ஞாயிறுதோறும் மேருவுக்குப் போய் அலமாரி வேலையை முடித்து, இன்ஜினை முனியாண்டி அண்ணன் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அதற்கும் ஒரு ஆள் கட்டணம் கேட்டார். மேடு வந்தால் இன்ஜினும் இறங்கித் தள்ளுமா என்று கேட்டேன், பாதி குறைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விற்பவர் சொல்லும் எடையை நம்பாதீர்கள், தொட்டியில் தண்ணீர் ஊற்றி நீங்களே நிறுத்துப் பாருங்கள். கிளம்புகிறதா என்று பார்ப்பது போதாது, ஒரு வேளைச் சாப்பாடு முடியும்வரை ஓடவிட்டுப் பாருங்கள். கயிறும் கோணிச்சாக்கும் நீங்களே கொண்டுபோங்கள். காசு குறைவாக இருந்தால் கைத்தொழிலைச் சொல்லிப் பாருங்கள், இந்தக் காலத்தில் அது நன்றாகச் செல்லுபடியாகிறது. காதர் பாய் கடையில் சுறாப்புட்டு மத்தியானமே தீர்ந்துவிடும். பறப்பதற்குச் சர்க்காரிடம் அனுமதி வாங்க வேண்டும், அதற்கும் மனுப் போட்டிருக்கிறோம், அவசரம் இல்லை.

இப்போது கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. போன வாரம் பட்டறைத் தராசில் நூற்று முப்பத்தொன்று காட்டியதாம். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு கவளம் தங்கள் சாப்பாட்டிலிருந்து எடுத்து இவருக்கு வைக்கிறார்கள், விமானம் அவர்களுடையதும்தான் என்று. நேற்றுக் காலை என் வீட்டுக்காரர் சீட்டியடித்துக்கொண்டே அந்த விமானத் துணிச் சட்டையை மாட்டினார், நெஞ்சில் இருந்த பொத்தான் தெறித்து அடுப்படிவரை உருண்டு வந்தது. எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். தைக்க மாட்டேன் என்றேன். அந்தச் சட்டையைக் கழற்றி வாங்கித் தையலைப் பிரித்து, துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். வலது இறக்கையின் நுனிக்கு அளவு சரியாக இருக்கிறது.