எனக்குத் தெரிந்த அளவில்

சலூனுக்கு எதிரே இருந்த களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாடை எங்கே வீசினாலும், இரணியலுக்கு அருகே எங்கள் தெருவும் அந்த ஒரு காலைப்பொழுதும் நினைவுக்கு வந்துவிடுகின்றன...

அக்காலத்தில் ஜாதகம் பொருந்தினாலும் சம்பந்தம் உறுதியாகாது. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பெண்ணின் தெருவில் நான்கு பேரிடம் விசாரிப்பார். கேட்கப்பட்டவர் வாய்நிறையப் புகழ வேண்டும். மனமில்லையென்றால் மழையைப் பற்றிப் பேச வேண்டும். நடுவில் ஒரு பதில் கிடையாது.

நான் சட்டப் படிப்பை முடித்து ஊருக்கு வந்த புதிது. முடிவெட்டிக்கொள்ள நான் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த வீட்டு ரத்தினம் அக்காவைப் பற்றி விசாரிக்க ஒரு பெரியவர் சலூனுக்குள் வந்தார். அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன.

“தங்கக்கட்டியாக்கும்! வேணும்னா அடுத்த வீட்டு வக்கீல் தம்பிகிட்டயும் கேளும்” என்றார் கடைக்காரர், கத்திரியை நிறுத்தாமல்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி வக்கீலுக்குப் படிச்சவரு. நீரு சொல்லும்.”

“எனக்குத் தெரிஞ்ச அளவுல குறை ஒண்ணும் இல்ல.”

“தெரியாத அளவுல?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நேரில் அறியாததற்கு உறுதி கூறலாகாது என்பது நான் படித்த பாடம்.

“அத நான் எப்பிடிச் சொல்ல முடியும்?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

“ஏலே மக்கா, கோர்ட்டுலயா நிக்கே? ஒரு பிள்ளைக்க வாழ்க்கையாக்கும்டே!” என்றார் கடைக்காரர்.

அந்த இடமும் நின்றுபோனது. என் பதில்தான் காரணம் என்று நிரூபிக்க இயலாது. இல்லை என்றும் நிரூபிக்க இயலாது. அதன்பின் யாரும் விசாரிக்க வரவில்லை. அக்கா அந்த வீட்டிலேயே தனியாக இருக்கிறார். ஒரு நாளும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் ஊருக்குப் போனால், சுவருக்கு மேலாகப் பலாச்சுளை நீட்டுவார்...

இப்போது எல்லாம் போனில்தான். படம், படிப்பு, சம்பளம். பக்கத்து வீட்டை யாரும் கேட்பதில்லை. ஆனால் என் மகளுக்குப் பேசிய இடத்து அம்மாள் மட்டும் பழைய வழக்கப்படி எங்கள் தெருவுக்குப் போய், ரத்தினம் அக்காவிடம் விசாரித்திருக்கிறார். நிச்சயம் முடிந்த பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

“‘நான் தூக்கி வளத்த பிள்ளையாக்கும், கண்ண மூடிக்கிட்டு கொண்டு போங்கோ’ன்னு சொன்னாவ.”

என் மகள் பிறந்ததும் வளர்ந்ததும் சென்னையில். அக்கா அவளை நான்கைந்து முறை பார்த்திருந்தால் அதிகம்.

முதல் பத்திரிகையை அந்த வீட்டில்தான் வைக்க வேண்டும். பெயர் எழுதி வைத்து இரண்டு வாரமாகிறது... இன்னும் போகவில்லை.